எரநூத்தி ஆறு பேரோட மூச்சு

எந்திரிக்காதீங்க சார், உக்காருங்க. அது சிறப்பு விருந்தாளி இல்லீங்க, சமையல் காண்ட்ராக்டு. வெள்ளச் சட்டையப் பாத்ததும் சபையே எந்திரிச்சிருச்சு. இதோட மூணாவது தடவ. விருந்தாளி இன்னும் சங்ககிரியே தாண்டலையாமா.

ஆமாங்க, நெம்பக் கூதலாத்தான் இருக்குது. இந்த ஏசிக் காத்து எனக்கு ஆவறதில்ல, இருமல் வந்துருது. அதனாலதான் ஓரமா உக்காந்துக்கிட்டேன். இந்தப் பொக்கேங்களா? எனக்கில்லீங்க, நான் குடுக்கறதுக்கு. சரவணமுத்து சாருக்கு விருது குடுத்த ஒடனே, விசைத்தறிக்காரங்க சார்பா நான் மேடையேறி இதக் குடுக்கோணும். எம்பேரு கலைமணிங்க, பள்ளிபாளையம். சாரோட ஆராய்ச்சிக்குப் பட்டற பட்டறயாப் போயி தறிக்காரங்க மூச்ச அளந்து எழுதுனது நாந்தான். நானும் பதினாலு வருசம் பஞ்சுத் தூசிக்குள்ள உக்காந்து தறிக்கு நூல் தார் சுத்துனவ. ஊரு ஆளு எல்லாம் தெரியும்னுதான் இந்த வேலயக் குடுத்தாங்க.

பொக்கே ஒரு சாக்குங்க. மேடையில சார்கிட்ட ஒரே ஒரு வார்த்த கேட்டுப்போடோணும். எங்கூட்டுல ஒரு ஆளுக்கு ரெண்டு வருசமா எளப்பு. மூச்சளக்கற குழாயில ஊதுனா முள்ளு எரநூத்தி முப்பதத் தாண்ட மாட்டீங்குது. எரநூத்தம்பதுக்குக் கீழ போனா ஒடனே வைத்தியம் பாக்கோணும்னு சார் எழுதுன அறிக்கையிலயே போட்டிருக்குதாமா. என்ன வைத்தியம்னுதான் போடல. அதக் கேக்கோணும்.

ஆபீசுக்குப் போகாம இருப்பனுங்களா? நாலு தடவ போனேன். மொதத் தடவ சார் விருதுக்கு அப்ளிகேசன் எழுதிட்டு இருந்தாரு. அடுத்த தடவ போட்டோவுக்குக் கோட்டு தைக்க அளவு குடுக்கப் போயிட்டாரு. மூணாவது தடவ சாருக்குப் பாராட்டு விழா. நாலாவது தடவ, பாராட்டுனவங்களுக்கு சார் நன்றி சொல்ற விழா. மூச்சு வாங்கிட்டு மாடியேறிப் போனதுதான் மிச்சம்.

யாருக்குங்களா, ஊட்டுக்காரருக்கா? இல்லீங்க, அவரு கல்லாட்டம் இருக்கறாரு. அது கெடக்குது, சொல்றேன்.

இன்னைக்கு மொத்தம் முப்பத்தெட்டு விருதுங்க. கீழ உக்காந்திருக்கறதும் கிட்டத்தட்ட அத்தன பேருதான். போன வருசம் நடுவரா இருந்தவரு இந்த வருசம் வாங்கறாரு. இந்த வருசம் வாங்கறவரு அடுத்த வருசம் நடுவரு. நம்ம பக்கம் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுப்பமில்லீங்க, அந்தாட்டம். எதுவும் வாங்காதது நானும் மைக்செட்டுக்காரரும் அந்த சமையல் காண்ட்ராக்டும்தான்னு நெனச்சேன். அவருக்கும் கடைசியில ஒரு சால்வ இருக்குதாமா.

அந்த ஷீல்டப் பாத்தீங்களா? கண்ணாடியில ரெண்டு நொரையீரலு. உள்ள பல்பு எரியுது. இத்தன சுத்தமான நொரையீரல நான் பாத்ததே இல்லீங்க.

இருங்க சார்… செத்த தண்ணி குடிச்சுக்கறேன். ஒண்ணுமில்ல, ஏசிதான்.

எல்லாத்துக்கும் பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டிருக்குதே, சார் வரங்காட்டியும் வேற யார்கிட்டயாச்சும் கேக்கலாம்னு பாத்தேன். அந்தப் பச்சச் சேல அம்மா இருக்கறாங்கல்ல, அவங்க ஆஸ்பத்திரி நிர்வாகத்துல டாக்டராமா. பக்கத்துல இருக்கறவரு எலிக்கு மட்டுந்தான் மருந்து குடுப்பாராமா. எலி இப்ப எப்படி இருக்குதுங்கன்னு கேட்டேன். செத்துப்போச்சுன்னாரு. அதுக்குத்தான் விருதாமா. சரவணமுத்து சாரும் ஊசி போடற டாக்டர் இல்லக்கான்னு அக்சிலியா சொல்லுச்சு. சார்கிட்டப் படிச்சிட்டே எங்களுக்கு மேற்பார்வ பாத்துச்சில்லீங்க, அந்தப் பொண்ணு. இருந்தாலும் இத்தன பேரு மூச்சப் பத்திப் பக்கம் பக்கமா எழுதுனவருக்கு ஒரு மருந்து பேரு தெரியாமயா போயிரும்?

நீங்க எந்த டாக்டருங்க? கணக்குங்களா? அட, அப்ப நாங்க எழுதிக் குடுத்த தாளயெல்லாம் கூட்டிக் கழிச்ச கோயமுத்தூரு இளஞ்செழியன் சார் நீங்கதானுங்களா! உங்களுக்கும் மேடையில சால்வ இருக்குதுன்னு அக்சிலியா சொல்லுச்சு. வணக்கம் சார். மொகம் பாத்ததில்ல, நம்ம ரெண்டு பேரும் ஒட்டுக்கா வேல செஞ்சிருக்கறோம் பாருங்க.

அப்ப உங்ககிட்டயே ஒரு சந்தேகம் கேட்டுக்கறேன். நான் குடுத்தது எரநூத்தி நாப்பது தாளு. மைக்குல எரநூத்தி ஆறு தொழிலாளிகன்னு படிச்சாங்க. மிச்சம் முப்பத்து நாலு எங்கீங்க?

தூக்கிட்டீங்களா? ஏனுங்க?

தாறுமாறா இருந்துச்சா. ஒருத்தருக்கு நானூத்தம்பது, ஒருத்தருக்கு நூத்தி எண்பது, ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்லையா. மத்த எரநூத்தி ஆறும் ஒரே சீரா இருந்துச்சா. தறித் தூசி வயசு பாக்காம, ஆணு பொண்ணு பாக்காம எல்லாத்தையும் ஒரே மாதிரி அடிக்குதுன்னு அதவெச்சுத்தான் கண்டுபுடிச்சீங்களா. அதுக்குத்தான் விருதா.

அப்படீங்களா.

இல்லீங்க சார், சிரிக்கல. இருமல்.

அந்த முப்பத்து நாலு பேருதானுங்க சார் நெசமாலுமே ஊதுன தறிக்காரங்க.

அட, கத்தாதீங்க, முன்னால திரும்பிப் பாக்கறாங்க. சொல்றேன் கேளுங்க. நீங்க பட்டறைக்கு வந்து பாத்திருக்கறீங்களா? தறி ஓடறப்போ பக்கத்துல இடி உழுந்தாலும் கேக்காது. ஒரு ஆளு மூணு தடவ ஊதோணும்னு சட்டம். மூணு தடவ ஊதறதுக்குள்ள முக்கா மீட்டரு துணி போயிரும்னு மொதலாளி தொரத்துறாரு. மயில்சாமின்னு ஒரு தறிக்காரரு, எனக்கு மூச்சு இருக்குதான்னு பாக்கறயா, எவ்வளவு மிச்சமிருக்குதுன்னு பாக்கறயாக்கான்னு கேட்டுட்டு அறுந்த நூல முடியப் போயிட்டாரு. பேரச் சொன்னாங்க, வயசச் சொன்னாங்க, கையெழுத்தும் போட்டுக் குடுத்தாங்க. ஊத மட்டும் ஒருத்தருக்கும் நேரமில்ல. முப்பத்து நாலு பேரப் புடிக்கறதுக்கே தை மாசம் முடிஞ்சிருச்சு. அக்சிலியா போனுல அழுவுது, மார்ச்சுக்குள்ள எரநூத்தி நாப்பது தாளு வரலீன்னா சார் என்னையத் தொலச்சிருவாருக்கான்னு.

மேசையில உக்காந்து சும்மா நம்பரு போட்டுக் குடுக்கறவங்களும் இருக்கறாங்க. எனக்கு மனசு வரலீங்க. ஊதாம ஒரு நம்பரு எழுதுனதில்ல, மாரியாத்தா மேல சத்தியமா. ஒரு தாளுக்கு மூணு தடவன்னா மூணு தடவ. எரநூத்தி ஆறு தாளு, அறுநூத்திப் பதினெட்டு தடவ. ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில உக்காந்துக்கிட்டு நாந்தான் ஊதுனேன்.

ஆளுக்குத் தகுந்தாப்புலதானுங்க ஊதுனேன், ஏமாத்தல. காலையில எந்திரிச்ச ஒடனே மூச்சு கொஞ்சம் தெம்பா இருக்கும், அதெல்லாம் ஆம்பளைக கணக்கு. சாயங்காலம் ஓஞ்சுபோயி ஊதுனது பொம்பளைக. அம்பது வயசுக்கு மேலன்னா தண்ணிக் கொடத்தத் தூக்கிட்டு வந்து அந்த எளப்போட ஊதுவேன். வயசுப் பசங்களுக்கு மட்டும் ஒரு காப்பி குடிச்சிட்டு. அப்பக்கூட எரநூத்தி முப்பதத் தாண்டலீங்க.

அதனால நீங்க கண்டுபுடிச்சது தப்பே இல்லீங்க சார். தூசி நல்லாத்தான் அடிச்சிருக்குது. எரநூத்தி ஆறு பேர அடிக்கல, ஒரே ஆள. எங்கூட்டுல ஒரு ஆளுன்னேனில்லீங்க.

ஏனுங்க சார், கூதலா இருக்குதுன்னீங்க, இப்படி வேர்த்து ஊத்துது? இந்தாங்க, தண்ணி குடிங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா மட்டும் யாரு கேக்கறாங்க, நாலு தடவ போயிப் பாத்துட்டேனே.

அட, விருந்தாளிக்குக் காத்திருக்காம ஆரம்பிச்சுட்டாங்க, மொதல்லயே சாரோட பேரக் கூப்புட்டுட்டாங்க. இப்ப உங்க பேரு. கை தட்டறாங்க பாருங்க, எந்திரிங்க சார். அடுத்தாப்புல நாந்தான். ஒரே ஒரு ஒத்தாச பண்ணுங்க, இந்தப் பொக்கேவ மேல வரைக்கும் நீங்களே எடுத்துட்டு வாங்க. ஏழெட்டுப் படி இருக்குது. படியோட கைப்புடியப் புடிச்சுட்டு மெல்ல நான் உங்களுக்குப் பொறகால வாரேன்.