தன்னையே சந்தேகப்படும் மிஷின்

பிள்ளைகளே, பாப்பாரப்பட்டி பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரி நர்ஸ். மற்றவருக்கு மறுநாள் பித்தப்பை ஆபரேஷன். மயக்கத்திலிருந்து முழிக்காமலே போய்விடுவோமோ என்று அவருக்குப் பயம்.

"மயக்க மருந்தை அளந்து விடற மிஷினு தன்னையே சந்தேகப்படும்க்கா," என்றார் நர்ஸ்.

"அதெப்படிங்க?"

"மயக்கம் எவ்வளவுன்னு பாக்க நெத்தியில ஒட்டின ஒயர் கழண்டா, நீங்க முழிச்சிட்டதா தப்பாக் காட்டும். மிஷினு ஒடனே மருந்தைக் கூட்டாது. நாடி, பிரஷரை ஒத்துப் பாத்து, ஒயர்தான் கோளாறுன்னு கண்டுபுடிச்சிடும். பழைய அளவுலயே விட்டுக்கிட்டு டாக்டரைக் கூப்புடும்."

"எங்க போர் மோட்டாருக்கு அந்தப் புத்தி இல்லீங்க. தண்ணி வத்துனது தெரியாம ஓடி, காயிலு எரிஞ்சுது."

அவர் மடியிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். எனக்கு வியப்பு அடங்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு ஒரு நாளும் தன்னைச் சந்தேகப்பட்டதில்லீங்க," என்றார் பிறகு. "அந்த மிஷினை நம்பிப் படுத்துக்கறேன்."