ஊமைக் கட்டை

அந்த ரெண்டாவது பெட்டி மூடியே இருக்கட்டும் தம்பி. அது என்னோட ஆர்மோனியம், அதுக்கு ஒண்ணும் இல்ல. அதைப் பத்தி அப்புறம் சொல்றேன். முதல்ல இதைத் திறங்க. இது என் சகலையோடது, வீட்டுக்காரியோட தங்கச்சி புருஷன். ஒரு கட்டை பேச மாட்டேங்குது, அமுக்கினா புஸ்ஸுன்னு காத்து மட்டும் வருது. ரிப்பேர் கடைக்கு நானே கொண்டுபோறேன்னு வாங்கிட்டு வந்தேன். ஆமா, எனக்கு நல்ல மனசுதான்.

நாங்க ரெண்டு பேரும் வாசிக்கறது ஒரே ராகம். எத்தனையோ ராகம் இருக்கு, அவனுக்கு வேற எதுவும் கிடைக்கல பாருங்க. நான் முப்பது வருஷமா அதையே கட்டிக்கிட்டு அழறேன். ஒரு தடவை நான் வாசிச்சப்ப சுவத்துக் கடிகாரமே நின்னு கேட்டுச்சு. சாவி குடுக்க மறந்துட்டீங்கன்னு என் வீட்டுக்காரி சொல்றா. சொல்லிட்டுப் போகட்டும்.

அந்த ராகத்துல ஒரு சூட்சுமம் உண்டு. மேல ஏறிப் போறப்ப நி-ங்கற சுரம் கிடையாது, தாண்டிப் போயிடணும். இறங்கி வர்றப்பதான் அது வரும். போறப்ப கண்டுக்காம போன வீட்டுல, திரும்பி வர்றப்ப நுழைஞ்சு ஒரு வாய் தண்ணி குடிக்கற மாதிரி. எனக்கு அந்த இடம் வந்துட்டா விட மனசு வராது. நி மேலயே உட்கார்ந்துடுவேன். தண்ணி கேட்டு வந்தவர் பாயைப் போட்டுப் படுத்துட்டாரேன்னு சகலை எல்லார் முன்னாடியும் சொன்னான். என் வீட்டுக்காரியும் சிரிச்சா.

சிரிச்சதுகூடப் பரவால்ல தம்பி. அவ துணி தைக்கறவ. முப்பது வருஷத்துல என் வாசிப்புக்கு அவ தையல் மெஷின் ஒரு தடவை நின்னிருக்குமா? கடகடன்னு ஓடிக்கிட்டே இருக்கும். போன மாசம் இவன் வந்து வாசிச்சான். மெஷின் கொஞ்சம் மெதுவாச்சு. நிக்கல, மெதுவாச்சு, அவ்வளவுதான். அதுக்கே எனக்கு வயிறு எரிஞ்சுது. அடுத்த வாரமும் வரேன்னு பெட்டியை எங்க வீட்டுலயே வச்சுட்டு வேற போனான்.

வந்தான். ஏறிப் போனான், இறங்கினான், நி மேல விரலை வச்சான். புஸ். மாட்டினான்டான்னு நெனச்சேன். அவன் முகம்கூட மாறல. மறுபடி ஏறி இறங்கறப்ப, அந்த இடத்துல விரலைத் தூக்கிட்டு ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தான். அப்புறம் கீழ வந்தான்.

தம்பி, அவன் வாசிக்காத அந்த நி எனக்குக் கேட்டுச்சு. முப்பது வருஷமா நான் தேய்ச்ச நி ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்ல.

மெஷின் நின்னுடுச்சு. நூல் அறுந்திருக்கும்னு எட்டிப் பாத்தேன். அறுந்தா நல்லாருக்குமேன்னு இருந்துச்சு. அறுந்து போகல. கையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

என்ன, ஒண்ணும் தெரியலையா? துருவும் இருக்காது, விரிசலும் இருக்காது. நடுவுல அஞ்சு கறுப்புக் கட்டை இருக்கு பாருங்க, அதுல கடைசி. அதுக்கு நேர் கீழ, ரீடோட நாக்குக்கு அடியில இடுக்கியை விடுங்க. நீலத் துணி வரும், வெள்ளைப் புள்ளி போட்டது. தலையணை உறை தைச்சதுல மிஞ்சின துண்டு, கீழ கெடந்துச்சு.

பாத்து, தூக்கிப் போட்டுடாதீங்க. இப்ப அந்த ரெண்டாவது பெட்டியைத் திறங்க. அதே கட்டைக்கு, அதே இடத்துல இதைச் சொருகுங்க. நானே சொருகிக்கலாம்தான், இவன் பெட்டியில சொருகின கைதானே. ஆனா நான் வச்சா ரெண்டே நாள்ல எடுத்துடுவேன் தம்பி, என்னைப் பத்தி எனக்குத் தெரியும். எனக்கு எடுக்க வராத மாதிரி அழுத்தி வைங்க. ஞாயித்துக்கிழமை அவ தைக்க உட்காருவா.