மேற்கு எந்தப் பக்கம்

அவைக்கு அழகு தரும் அக்கிராசனர் மர்சூக் ஹாஜியார் அவர்களே, பள்ளிவாசல் பெரியோர்களே, மாட்டுவண்டியில் எலும்பெல்லாம் குலுங்க பாடசாலையைப் பார்வையிட வந்து சேர்ந்திருக்கும் வித்தியாதரிசி ஐயா அவர்களே, தாழ்வுபாட்டிலிருந்து வள்ளமேறி வந்து எங்களைக் கனப்படுத்தியிருக்கும் டொமினிக் சம்மாட்டியார் அவர்களே, என்னைப் பெற்று வளர்த்த வாப்பா அபூசாலி அவர்களே, திரைக்கு இப்பால் என்னை நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் தாய்மாரே, தங்கைமாரே, உங்கள் எல்லோர் மீதும் இறைவனின் சாந்தி நிலவுவதாக.

திரைக்குப் பின்னால் நின்று பேசுகிறேன். உங்கள் முகங்களை நான் காணவில்லை; இருமல்களைக் கொண்டே ஆட்களை அறிந்து கொள்கிறேன். ஓம் சனூன் காக்கா, உங்களுடையதும் கேட்டது.

சிலாபத்துறையில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலை இன்று திறந்திருக்கிறது. அதன் முதல் ஆசிரியை ஸுஹறா என்று என்னை வாயாரப் புகழ்ந்தார்கள். புகழை ஏற்று மகிழவா இங்கே வந்தேன்? இல்லை. பட்ட நன்றிக்கடனைப் பலர் அறியச் சொல்ல வந்தேன்.

முதல் நன்றி என் வாப்பாவுக்கு. கொழும்பில் குண்டு விழுந்த மறுவருஷம், அரிசிக்குக் கூப்பன் எடுத்துக்கொண்டு அலைந்த காலத்தில், அவர் என்னை யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடத்து ஆசிரியக் கலாசாலைக்கு அனுப்பினார். ஊர் என்ன சொன்னது? சோனகப் பிள்ளையைச் சிலுவைக்குக் கீழே கொண்டுபோய் விடுகிறான் என்றது. கல்யாண வீடுகளில் அவருக்குப் பக்கத்தில் உட்காரவே சிலர் யோசித்தார்கள். வாப்பா யாரோடும் வாதாடவில்லை. ரெயில் ஏற்றிவிடும்போது என்னிடம் மட்டும் பேசினார். “தொழுகைய விட்டிராத மகள். மத்ததெல்லாம் உன்ர புத்திக்கு விடுறன்” என்றார். என் புத்தியை ஒருவர் நம்பியது அதுவே முதல் தடவை.

யாரோ ஏதோ கேட்கிறார். மஹ்மூது மாமாவின் குரல். “மகள், நீ அங்க ஒழுங்காத் தொழுதனியோ? அதை முதல்ல சொல்லு” என்கிறார்.

நல்ல கேள்வி, மாமா. ஏன் கேட்கிறீர்கள் என்பது சபை முழுவதற்கும் தெரியும். உங்கள் மகள் றம்லா சோதனையில் தேறியிருக்கிறாள். அதே கலாசாலையில் இடமும் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை தவணை தொடங்குகிறது. நீங்கள் இன்னும் சம்மதிக்கவில்லை. இதோ, என் பக்கத்தில் முந்தானையைப் பிசைந்துகொண்டு இருக்கிறாள். நான் சொல்லப்போகும் பதிலில் அவளுடைய வாழ்வு இருக்கிறது. ஆனாலும் பூசி மெழுக மாட்டேன்.

தொழுதேன், மாமா. ஆனால் முதல் சில நாட்கள் மக்காவை நோக்கித் தொழவில்லை.

பொறுங்கள், பெரியோர்களே. கதிரைகளை இழுக்காமல் மீதியையும் கேளுங்கள்.

நம்முடைய ஊரில், தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம்? கடல் பக்கம். நம் வாசலுக்கு நேரே கடல், கடலுக்கு நேரே மேற்கு. திசையைக் கேட்டா தொழுதோம்? கடலைப் பார்த்து நின்றோம், தொழுதோம். கலாசாலை அறையின் ஜன்னலாலும் கடல் தெரிந்தது. தை பிறந்தும் மழை விடாத வருஷம் அது. சூரியனைக் கண்டவர் இல்லை. கடலைக் கண்ட சந்தோஷத்தில் பாயை விரித்தேன்.

என் அறைத்தோழி டொமினிக் சம்மாட்டியாரின் மகள் பெற்றிசியா. செபமாலையும் கையுமாகக் கட்டிலில் இருந்தவள், ஒருநாள் நான் தொழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

“ஸுஹறா, நீர் எந்தத் திக்கைப் பாத்துத் தொழ வேணும்?”

“மேற்கை.”

“அப்ப ஏன் தெற்கைப் பாத்து நிக்கிறீர்? வடக்கு வாடைக்காத்து பின்கதவால வருதெல்லோ. இஞ்ச கடல் தெற்கில கிடக்கு.”

நான் வெட்கத்தில் பாயைச் சுருட்டினேன். அவள் சிரிக்கவில்லை. மேற்குச் சுவரோரம் கிடந்தது அவளுடைய கட்டில். அதைத் தானே இழுத்து அப்புறப்படுத்தினாள். அந்தச் சுவரில் அவளுடைய மாதா சுரூபம் இருந்தது. “உமக்கு முன்னால இது நிக்கக் கூடாது” என்று முத்தமிட்டு எடுத்து, தன் தலைமாட்டில் வைத்துக் கொண்டாள்.

சபையோரே, என் ஈமானைக் கெடுக்க வந்தவள் செய்கிற வேலையா இது? அவள் தன் மாதாவை விட்டாளா? விடவில்லை. நான் என் மார்க்கத்தை விட்டேனா? விடவில்லை. ஊரில் எல்லோரும் நின்ற பக்கம் நானும் நின்றேன். அந்தக் கலாசாலையில்தான் மேற்கு எது என்று கேட்டேன், என் இறைவன் யார் என்று கேட்டேன், ஏன் தொழுகிறேன் என்று கேட்டேன். கேட்டுத் தொழுத தொழுகையில் என் கண் கலங்கியது. சம்மாட்டியாரே, உங்கள் முன்னிலையில் பெற்றிசியாவுக்கு நன்றி சொல்கிறேன்.

கழுதைகளுக்குப் பேர்போன மன்னாரிலிருந்து வந்ததால், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எங்கள் இருவரையும் மன்னார்க் கழுதைகள் என்று பகிடி பண்ணினார்கள். சோனகக் கழுதை எது, கத்தோலிக்கக் கழுதை எது என்று ஒருத்திகூடப் பிரித்துப் பார்க்கவில்லை. சிரிக்கிறீர்கள், நாங்களும் சிரித்தோம். நான் மன்னாராள் என்பது அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உறைத்தது.

பிறகு பாலர் வகுப்பொன்றில் படிப்பிக்க விட்டார்கள். ஒரு சின்னப்பிள்ளை கிழமை முழுவதும் வாயே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை மணியடித்ததும் என் சேலையைப் பிடித்து, “ரீச்சர், திங்கக்கிழமையும் வருவீங்களோ?” என்றது. இறைவன் என்னை எதற்காகப் படைத்தான் என்று அதுவரை நான் அறியவில்லை. அன்று அறிந்தேன்.

மஹ்மூது மாமா, போனவள் திரும்பி வந்திருக்கிறேன். தொழுகையோடு வந்திருக்கிறேன், தொழிலோடு வந்திருக்கிறேன், இன்னொரு வீட்டுப் பிள்ளையின் அன்போடு வந்திருக்கிறேன். இந்தப் பாடசாலைக்கு ஓர் ஆசிரியை போதுமா? உங்கள் மகளை அனுப்புங்கள் என்று இந்தச் சபையின் முன் கையேந்திக் கேட்கிறேன்.

மாமா, திரைக்கு அப்பால் இருக்கிறீர்களா, எழுந்து போய்விட்டீர்களா?

இருக்கிறார். பேசுகிறார். “எனக்கு விளங்குது மகள். ஆனா போறது நானில்ல. அவளைக் கேளு” என்கிறார்.

றம்லா எழுந்து நிற்கிறாள். வயதுக்கு வந்தபின் இந்த ஊர்ச் சபையில் ஒலித்திராத குரல் அது, அமைதியாகக் கேளுங்கள்.

“போறன் வாப்பா. ஸ்டேசனுக்கு நீங்கள் வாறீங்களோ?”

“வாறன் மகள். பெட்டியை நான் தூக்கிறன்.”

சபையோரே, இதற்கு மேல் நான் பேச வேண்டியதில்லை. பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், மகளைத் தர மனம் வைத்த தகப்பனுக்கும் என் நன்றி. வந்தவர்கள் எல்லோரும் நலமாய் வீடு சேர இறைவன் அருள்வானாக. அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.