ஒரு மைக் போதும்

— இல்ல சார், இந்தச் சின்னது வேண்டாம். அந்தக் கீறல் விழுந்த பெரிய பெட்டியை எடுத்துட்டுப் போங்க.

— என்ன அண்ணே, விக்கிறவரே நல்ல சாமானை வேண்டாங்கறீங்க? எங்க வீட்டுக்காரர் ஏற்கெனவே சந்தேகப் பிராணி.

— நீ தொண்டையைச் சிரமப்படுத்தாத, நான் பேசிக்கிறேன். சார், மைக்கைச் சொருகிப் பதியற இந்த ரெண்டு ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியையும் என் லேப்டாப்புல மாட்டிப் பாத்தாச்சு. சின்னது சுத்தமா இருக்கு. பெரிசுல குமிழைத் திருப்பினாலே கரகரங்குது.

— என் தொண்டையும்தான் கரகரங்குது. ஜோடிப் பொருத்தம் அமோகமா இருக்கே!

— விளையாடாதம்மா.

— அது வெறும் தூசி சார். கிளீனர் அடிச்சா போயிடும், இப்பவே அடிச்சுத் தர்றேன். இதுல ரெண்டு மைக் மாட்டலாம். அந்தச் சின்னதுல ஒண்ணுதான்.

— ஒண்ணு போதும். பாடப்போறது இவ ஒருத்தி.

— கூட யாராவது பாடுவாங்க, வாசிப்பாங்க...

— யாரும் இல்லை சார். திங்கக்கிழமை இவளுக்கு ஆபரேஷன். குரல்வளையையே எடுக்கணும்னுட்டாங்க. அப்புறம் பேச்சே... அதுக்குள்ள இவ குரலைப் பதிஞ்சு வெச்சுக்கணும். அவ்வளவுதான்.

— அய்யோ, தெரியாமக் கேட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதம்மா.

— இதுல என்ன அண்ணே இருக்கு. புதுப் பெட்டி வாங்கலாம்னுதான் கிளம்பினோம். பணத்தை ஆஸ்பத்திரி முழுங்கிடுச்சு. அதான் உங்க மாடிப்படி ஏறி வந்திருக்கோம்.

— நெட்ல எல்லாம் படிச்சுட்டுத்தான் வந்தேன் சார். பெட்டி நல்லா இருந்தா மட்டும் போதாதாம், ரூமும் அமைதியா இருக்கணுமாம். ஜன்னல்ல மெத்தையைக் கட்டித் தொங்கவிட்டாச்சு. ஃபேன் கிடையாது. பாப்பாவை அவ அத்தை வீட்டுல விட்டாச்சு.

— கேட்டீங்களா கூத்தை? பாட்டோட பாப்பாவுக்குக் கதையும் சொல்லிப் பதியணுமாம். ஆனா பாப்பா வீட்டுல இருக்கக் கூடாதாம். நான் என்ன, மெத்தைக்கா கதை சொல்றது?

— எனக்குச் சொல்லு. எதிர்லதானே உக்காந்திருப்பேன்.

— உம் கொட்டுவீங்களா?

— கொட்டினா அதுவும் விழுந்துடுமே! உன் குரல் மட்டும்தான் இருக்கணும். ஹெட்போனை மாட்டிக்கிட்டு மூச்சுகூட விடாம இருப்பேன். வேணும்னா தலையை ஆட்டுறேன்.

— கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதானே நடக்குது! தலையாட்டிப் பொம்மைக்குக் கழுத்தை நீட்டினேன் அண்ணே. உம் கொட்ட ஆள் இல்லாம கதை எப்படி நகரும், சொல்லுங்க.

— சரிம்மா, போதும். இருமல் வருது பாரு. தண்ணி குடி. சார், சின்னதுக்கு என்ன விலை?

— அது விக்கிறதுக்கு இல்லை சார்.

— இல்லையா? விளம்பரத்துல போட்டிருந்தீங்க! அதைப் பாத்துட்டுத்தானே வந்தோம்?

— போடுவேன். அப்புறம் எடுத்துடுவேன். இந்தத் தடவை எடுக்க மறந்துட்டேன். பெரிசை இந்தச் சின்னதோட விலைக்கே தர்றேன் சார். ரெண்டாவது மைக்கும் சும்மா தர்றேன், ஸ்டாண்டோட.

— சும்மா தர்றேன்னு யாராவது சொன்னாலே எனக்கு உதறுது. பழசை எங்க தலையில கட்டப் பாக்குறீங்க. இவ குரலைப் பிடிக்க எங்களுக்கு மறுபடி ஒரு சான்ஸ் கிடையாது சார். அதுல கரகரப்பு விழுந்தா நான் எங்க போய் நிப்பேன்?

— ஏங்க, இருங்க. அவர் முகத்தைப் பாத்தா ஏமாத்துறவர் மாதிரியா இருக்கு? அண்ணே, சின்னது உங்க சொந்தப் பெட்டியா?

— ஆமாம்மா. வாங்கி ஒரு வாரம்தான் ஓடுச்சு. அதான் புதுசு மாதிரியே இருக்கு.

— யாரைப் பதிஞ்சீங்க?

— என் வீட்டுக்காரியைத்தான். நல்லாப் பாடுவா. அவளும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறதுக்கு முந்தின வாரம். நானும் சார் மாதிரியேதான். ஜன்னலை அடைச்சேன், ஃபேனை நிறுத்தினேன். சுவர்க் கடிகாரத்தைக்கூடக் கழட்டி மொட்டைமாடியில வெச்சேன்.

— அவங்க இப்ப...

— திரும்பி வரலைம்மா.

— சாரி சார். நான் ஏதேதோ பேசிட்டேன்.

— நீங்க பேசினதுல தப்பே இல்லை. இவ்வளவு பாத்துப் பாத்துச் செய்ய எத்தனை பேரால முடியும்?

— அந்தப் பதிவு சரியா வரலையா அண்ணே?

— கண்ணாடி மாதிரி வந்திருக்கும்மா. ஒரு இரைச்சல் கிடையாது. அவ மூச்சு வாங்கறதுகூடத் தனியாக் கேக்கும்.

— அப்புறம் என்ன குறை சார்?

— மூணாவது பாட்டுல பாதியில நிறுத்திடுறா. அவ எப்பவும் கண்ணை மூடிக்கிட்டுதான் பாடுவா. மூடின கண்ணைத் திறக்காமலே, "என்னங்க, இருக்கீங்களா?"ன்னு கேக்குறா. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் கேக்குறா.

— நீங்க என்ன அண்ணே சொன்னீங்க?

— ரெண்டு தடவையும் தலையை ஆட்டினேன்மா.