ஆறு பத்துக்கு நிற்கும் பாட்டு

ஜெயசிங்: "...இதனால் இரணியல் ஜெயசிங் குடும்பத்தார் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நமது குடும்பத்தின் பொதுச் சொத்தாகிய பாட்டுக் கணக்கு குறித்து முடிவெடுக்கும் அவசரப் பொதுக்குழுவானது, இன்று ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, மேற்படி குடும்பத் தலைவரும் சபையின் முன்னாள் செயலாளருமாகிய..."

ஜெப்சன்: அப்பா, நாம மூணு பேருதான். அதுவும் போன்ல.

ஜெயசிங்: மூணு பேரு இருந்தா கோரம் ஆயாச்சு மக்கா. "...செயலாளருமாகிய ஜெயசிங் அவர்களின் தலைமையில்..."

பெமிலா: தலைவரும் நீங்க, செயலாளரும் நீங்க.

ஜெயசிங்: பொருளாளரும். உங்க அம்மை இருந்தப்பம் அவதான் பொருளாளர். மூணு வருசமா அந்தப் பதவி காலியாட்டு கிடக்கு.

பெமிலா: ...சரி. வாசியுங்க.

ஜெப்சன்: வாசிக்காண்டாம். இங்க சார்ஜால எனக்க வீட்டுக்காரி ரெஜிலா சோறு விளம்பி வச்சிட்டு முகத்தப் பாத்துட்டு நிக்கா. நானே சொல்லிர்றேன். போன்ல பாட்டு கேக்கிய ஆப்புல எனக்க பேருல ஒரே ஒரு கணக்கு. அத மூணு பேரும் ஒரே பாஸ்வேர்டுல கேக்கோம். ஒராளு போட்டா அடுத்த ஆளுக்கு நின்னு போகும். நாலு வருசமா இந்தக் கூத்து. இனி குடும்பத் திட்டத்துக்கு மாத்தப் போறேன். ஆளுக்கொரு தனிக் கணக்கு. ஒருத்தர் பாட்ட ஒருத்தர் நிறுத்த முடியாது. அவ்வளவுதான்.

ஜெயசிங்: எதிர்க்கேன்.

பெமிலா: நானும்.

ஜெப்சன்: ...ரெண்டு பேருமா?

ஜெயசிங்: எதிராக இரண்டு, ஆதரவாக ஒன்று. தீர்மானம் தோல்வி. கூட்டம் முடிஞ்சு.

ஜெப்சன்: நில்லுங்க, நில்லுங்க. அள்ளிக் குடுக்கேங்கான் ஒருத்தன், வேண்டாங்கிய. காரணம் வேணும்லா.

ஜெயசிங்: காரணம் கேக்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. கேளு.

ஜெப்சன்: மொதல்ல நான் படுத பாட்டக் கேளுங்க. போன செவ்வாக்கிழமை எனக்க மேனேஜர் கார்ல வந்தாரு. நல்லதா ஒரு பாட்டு போடுன்னாரு. போட்டேன். அது முடிஞ்சதும் ஆப்பு தானாட்டு அடுத்ததப் போட்டுது. துக்க வீட்டுப் பாட்டு. அடக்க ஆராதனையில பெட்டிய எடுக்கும்ப பாடுவாவளே, அது.

ஜெயசிங்: என்ன ராகம்?

ஜெப்சன்: அப்பா.

ஜெயசிங்: இல்ல, ஆனந்தபைரவின்னா கேக்க நல்லா இருக்கும்.

பெமிலா: மேனேஜர் என்ன சொன்னாரு?

ஜெப்சன்: யாரு மரிச்சதுன்னு கேட்டாரு. லீவு வேணுமான்னாரு.

பெமிலா: எடுத்தியா?

ஜெப்சன்: ...ரெண்டு நாளு.

பெமிலா: பின்ன என்னத்துக்குடே அழுகிய? உனக்கு லாபந்தான்.

ஜெப்சன்: எல்லாம் அப்பா கேக்கியதுனால வந்தது. ஆப்புக்கு நான் எழுபத்திரெண்டு வயசுக் கிழவன்னு நெனப்பு. அது போகட்டு. நான் வண்டி எடுக்கிய நேரம் உனக்குத் தாம்பரத்துல ரயில் ஏறிய நேரம். ரெண்டாவது பாட்டு பாதியில, 'பெமிலாவுக்க போன்ல பாடுகு'ன்னு காட்டிட்டு எனக்கது நின்னு போகும். பின்ன பாலைவனத்தப் பாத்துட்டுப் போக வேண்டியதுதான்.

பெமிலா: தம்பி பாட்ட அக்கா நிறுத்தியது இன்னைக்கு நேத்தா நடக்குது.

ஜெயசிங்: இதுல சட்டச் சிக்கல் ஒண்ணு உண்டு. குடும்பத் திட்டத்துக்க விதிமுறைகள் அம்புட்டையும் நான் வாசிச்சேன்.

ஜெப்சன்: உலகத்துலயே அத வாசிச்ச ஒரே ஆளு நீங்கதான்.

ஜெயசிங்: 'உறுப்பினர் அனைவரும் ஒரே விலாசத்தில் வசித்தல் வேண்டும்.' அப்படியாக்கும் போட்டிருக்கு. நீ சார்ஜால. இவ தாம்பரத்துல. நான் இரணியல்ல.

ஜெப்சன்: எல்லாருக்கும் இரணியல் வீட்டு விலாசத்தப் போட்டாப் போச்சு.

ஜெயசிங்: முப்பது வருசம் சபைக்க மினிட்ஸ் எழுதின கை இது. பொய் எழுதாது. இந்த வீட்டுல நாம எல்லாரும் ஒண்ணாட்டு இருக்கோம்னு நான் எழுதிக் குடுக்கணுமா? எங்கூட இருக்கியது ஒரு பல்லி. வேணும்னா அதுக்கு ஒரு கணக்கு தொடங்கு.

ஜெப்சன்: ...

பெமிலா: ...

ஜெயசிங்: என்ன, லைன் போச்சா?

ஜெப்சன்: இருக்கு. அக்கா, நீ சொல்லு. காலம்பற ஆறு பத்துக்கு தெனமும் உனக்க பாட்ட அப்பா நிறுத்துகாவ. நாலு வருசமா. நியாயமாப் பாத்தா நீதான் மொதல்ல கை தூக்கணும்.

பெமிலா: எனக்கு நிக்கியது பழகிப்போச்சு.

ஜெப்சன்: இது ஒரு காரணமா?

பெமிலா: புதுக் கணக்குன்னா புது பாஸ்வேர்டு ஓர்மை வைக்கணும்.

ஜெப்சன்: நீ பேங்குல வேல பாக்க.

பெமிலா: அதான் சொல்லுகேன். அங்கயே பதினாலு உண்டு.

ஜெப்சன்: சும்மா உருட்டாத.

பெமிலா: லேய், அந்தக் கறுத்த டேப் ரிக்கார்டர் ஓர்மையிருக்கா? குவைத்து மாமா கொண்டுவந்தது.

ஜெப்சன்: பேச்ச மாத்துக. ...ஓர்மையிருக்கு. அம்மை பின்னின வெள்ளத் துணி போட்டு மூடி வச்சிருப்பா. கோயில் பீடம் கணக்கா இருக்கும்.

ஜெயசிங்: அந்த இயந்திரத்துக்கு ஒரு ஒழுங்குமுறை இருந்தது. திங்கள் முதல் சனி வரை...

ஜெப்சன்: கீர்த்தனை.

பெமிலா: ஞாயித்துக்கிழமை கீர்த்தனையும் பிரசங்கமும்.

ஜெயசிங்: விசேச நாட்களில் வாத்திய இசை அனுமதிக்கப்பட்டது.

ஜெப்சன்: சினிமாப் பாட்டுல்லாம் நீங்க ஆபீஸ் விட்டு வாறதுக்கு முன்னாலதான். அக்கா அந்தக் கேசட்டுக்கு மேல 'மலைப்பிரசங்கம்'னு அழகா எழுதி ஒட்டி வச்சிருப்பா.

ஜெயசிங்: ...எந்த மலைப்பிரசங்கம்? நான் ஆலய வாசகசாலைக்கு அன்பளிப்பாக் குடுத்தேனே, அதா?

பெமிலா: அதேதான். வாலிபர் கூட்டத்துல பாஸ்டர் போட்டாரு.

ஜெப்சன்: அதுக்கப்பறம்தான் வாலிபர் கூட்டத்துக்கு ஆளு சேந்துது.

ஜெயசிங்: அந்த வருச அறிக்கையில நான் அத எழுப்புதல்னு எழுதினேன்.

பெமிலா: எழுதினது பொய்யில்ல. எல்லாரும் எழும்பி ஆடினாவ.

ஜெப்சன்: அம்மைக்கும் ஒரு பாட்டு உண்டு. ரெண்டாவது பக்கத்துல மொதப் பாட்டு. அது வந்தா மட்டும் மீன் கழுவிட்டு இருந்தாலும் ஈரக் கையோட வந்து நிலையில சாஞ்சு நிப்பா.

பெமிலா: நாடா சிக்கிச்சுன்னா அவளே பென்சில விட்டு சுத்துவா. நம்மளத் தொட விடமாட்டா.

ஜெயசிங்: அது எனக்குத் தெரியும்.

ஜெப்சன்: என்ன தெரியும்?

ஜெயசிங்: அந்தப் பாட்டு. நான் ரோட்டுல வரும்பளே கேக்கும். கேட்டுக்கு வெளிய நின்னு, அது முடிஞ்ச பின்னதான் கொண்டியத் தட்டுவேன்.

பெமிலா: ...நீங்களா?

ஜெயசிங்: செயலாளர் வீட்டுக்குள்ள சினிமாப் பாட்டு கேக்கு, செயலாளர் உள்ள போறாருன்னு நாலு பேரு பாத்தா அடுத்த தேர்தல்ல ஓட்டு விழுமா? வெளிய நின்னா, அது அடுத்த வீட்டுப் பாட்டு.

ஜெப்சன்: நல்ல பாசம்.

பெமிலா: ஆனா மழையில நனைஞ்சிட்டும் வந்திருக்கிய, ஒருநாள் ரெண்டு நாளில்ல. அந்தக் கொண்டி 'டக்'குன்னு கேட்டதும் அம்மை அடுக்களையிலிருந்து ஒரு செருமு செருமுவா. தம்பி, நீ ஓடிப்போயி பொத்தான அமுக்குவ. பாட்டு நிக்கும்.

ஜெப்சன்: அப்பா வந்தாச்சுன்னு அர்த்தம்.

பெமிலா: அதான்.

ஜெப்சன்: எதான்?

பெமிலா: இப்பவும் அதேதான் மக்கா. காலம்பற அடுப்புல இட்லி வச்சிட்டு போன்ல ஒரு பாட்டப் போட்டுட்டு நிப்பேன். ஆறு பத்துக்கு பாதியில நிக்கும். சரி, அப்பா எந்திச்சாச்சு... அப்பறந்தான் இட்லிய எறக்குவேன். நீ தனிக் கணக்கு குடுத்தா பாட்டு நிக்காது. பின்ன எனக்கு எப்படித் தெரியும்?

ஜெப்சன்: போன் பண்ணிக் கேக்கலாம்லா.

பெமிலா: அம்மை போனப்பறம் ஒரு மாசம் பண்ணினேன். தெனமும் காலம்பற. இவிய என்ன சொன்னாவ தெரியுமா? 'இது என்ன, வருகைப் பதிவேடா?'

ஜெயசிங்: சொன்னேன். ஒரு மனுசன் கண்ணு முழிச்சத தெனமும் தலைமை அலுவலகத்துக்கு ரிப்போர்ட் பண்ணணுமா?

பெமிலா: கேட்டியா? அதோட நிறுத்திட்டேன். பின்ன பாட்டுதான்.

ஜெப்சன்: ஒருநாள் அப்பா போடாம இருந்தாவன்னா?

பெமிலா: இருந்தாவ. போன ஆடியில. ஆறு பத்தாச்சு, ஆறரையாச்சு, ஏழாச்சு... ஒரு பாட்டும் நிக்கல்ல. எனக்கு வந்த வெப்ராளத்துல இட்லி தீஞ்சு சட்டி கறுத்துப் போச்சு. போன் அடிச்சா எடுக்கல்ல. அடுத்த வீட்டுக் கோலப்பன் அண்ணன விளிச்சேன்.

ஜெயசிங்: நில்லு. ஏணி.

பெமிலா: ஆமா.

ஜெயசிங்: நான் குழித்துறையில வாவுபலி கண்காட்சிக்கு மொத பஸ்சுல போயி, ஒரு பலாக் கன்னும் வாங்கிட்டு வாறேன். எனக்க வீட்டு ஓட்டு மேல கோலப்பன் நிக்கான். நாலு ஓட்ட இளக்கி வச்சிட்டு உள்ள எட்டிப் பாக்கான். என்னடேன்னு கேட்டா, ஓணான் புகுந்துட்டுங்கான்.

பெமிலா: நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

ஜெயசிங்: அந்த ஓணானத் தேடி நான் ரெண்டு நாளு கட்டிலுக்கு அடியில டார்ச் அடிச்சேன்.

ஜெப்சன்: சரி. ஒத்துக்கிட்டேன். பழைய கணக்கு உங்க ரெண்டு பேருக்கும் அப்படியே கிடக்கட்டு. நான் எனக்குத் தனியாட்டு ஒண்ணு எடுத்துக்கிடுகேன். துக்க வீட்டுப் பாட்டும் உங்களுக்கே.

ஜெயசிங்: திருத்தத்துடன் ஏகமனதாய் நிறைவேறியது. ஜெபம் பண்ணுவோம்.

ஜெப்சன்: ஜெபம் நிக்கட்டு. அக்காவுக்க காரணம் தெரிஞ்சாச்சு. உங்க காரணம் என்ன? விலாசம் கிலாசம்லாம் வேண்டாம்.

ஜெயசிங்: நான் சங்கீதம் கேக்கியவன் மக்கா. எனக்கு இடையூறு ஒரு பொருட்டில்ல. காலம்பற நடந்துட்டு வந்து, கட்டன் சாயா போட்டு, நாற்காலியில இருந்து, ஆறு பத்து முதல் ஆறு ஐம்பது வரை. நாற்பது நிமிடம். ஆர்மோனியத்துல மெதுவா ஒரு ஆரம்பம் இருக்கே, அது சாரல் விழுந்தது போல. பின்ன வயலின்காரன் பிடிப்பான். அவன் வில்ல இழுக்கியதுல ஒரு நடுக்கம் உண்டு, அது கேக்கக் காது வேணும். உங்க கூட்டத்துக்கு அது பிடிபடாது. நீ காரோட்டிட்டே கேக்க. இவ இட்லி அவிச்சிட்டே கேக்கா. ஞாயித்துக்கிழமைன்னா அதுவும் இல்ல, ஏழே காலுக்குத்தான் எந்திக்கா.

பெமிலா: ஞாயித்துக்கிழமை நான் எப்பம் எந்திப்பேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஜெயசிங்: ...தகப்பனுக்குத் தெரியாதா?

பெமிலா: நான் சொன்னதே இல்லியே.

ஜெயசிங்: பொதுவாச் சொன்னேன். கண்ண மூடுங்க, ஜெபம்.

ஜெப்சன்: ஒரு நிமிசம். அக்கா, காலம்பற அப்பா நிறுத்தின பின்ன நீ என்ன செய்வ?

பெமிலா: என்ன செய்வேன்... இட்லிய எறக்கி வச்சிட்டு திரும்பவும் போடுவேன். ரெண்டு நிமிசம் ஆகும்.

ஜெப்சன்: நீ போட்டா அப்பாவுக்கு நின்னு போகும்லா.

பெமிலா: ...போகும்.

ஜெப்சன்: தெனமுமா?

பெமிலா: தெனமும். சத்தியமாட்டு நான் அத நெனச்சே பாக்கல்ல மக்கா.

ஜெப்சன்: அப்பா, ரெண்டாவது நிமிசத்துல உங்க பாட்டு நின்னாச்சு. மிச்ச முப்பத்தெட்டு நிமிசமும் ஆர்மோனியமும் வயலினும் எங்க இருந்து கேட்டிய?

பெமிலா: அப்பா?

ஜெயசிங்: பாட்டு நின்னது காதுக்குத் தெரியாது மோளே. போன்ல ஸ்பீக்கர் போயி பத்து மாசம் ஆச்சு. 'பெமிலாவுக்க போன்ல பாடுகு'ன்னு எழுத்து வரும்லா, அதுக்குத்தான் பாத்துட்டு இருப்பேன்.