லிட்டருக்கு இருபத்தாறு

அது வண்டி சத்தம் இல்லீங்க பாய். நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க. பின்னாடி திரும்பாதீங்க, மல ரோடு இது. வண்டியில ஒரு நட்டு கூட லூசு கெடையாது. அது இன்னா சத்தம்னு கீழ டேம் வர்றதுக்குள்ள நானே சொல்லிடறேன்.

அய்ய, நியூட்ரல் போடாதீங்க. மூணாவதுலயே இருக்கட்டும். எறக்கத்துல நியூட்ரல்ல வுட்டா டீசல் மிச்சம்னு எங்க டாக்சி ஸ்டாண்டுல பாதி பேரு இன்னும் நெனச்சிக்கினு இருக்கான். கியர்ல வச்சிட்டு ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுத்தீங்கன்னா டீசல் போறதே நின்னுடும். சக்கரந்தான் என்ஜின சுத்தும். நியூட்ரல்ல போட்டா என்ஜின் அணையாம இருக்கறதுக்குன்னே குடிச்சிக்கினு இருக்கும். பிரேக்கும் காஞ்சி போயி புடிக்காது. அப்பறம் வெள்ளிமலையில கெளம்பனவங்க கோமுகி டேமு தண்ணியிலதான் போயி நிக்கணும்.

ம், அப்பிடித்தான். காலு எடுத்துட்டீங்க பாத்தீங்களா, தானா அடங்கி வருது.

வெல பேசறதுக்கு முன்னாடி ஓட்டிக் காமிங்கன்னு சொன்னதுல ஒங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லியே? இல்ல, விக்கறவன்தான் ஓட்டிக் காமிப்பான், இந்தாளு இன்னா வாங்க வந்தவன ஓட்டச் சொல்றான்னு நெனச்சிருப்பீங்க. போன வாரம் சின்னசேலத்துலேர்ந்து ஒரு தம்பி வந்தாரு. கேட்ட வெலைய மறு பேச்சு பேசாம குடுக்கறேன்னாரு. வடக்கனந்தல் வரைக்கும்தான் ஓட்டினாரு. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் கிட்ட வந்து மிதிக்கறாரு, எறங்கின ஒடனே உறும வுடறாரு. தம்பி, வண்டி விக்கறதா இல்லப்பான்னு எறக்கி வுட்டுட்டேன். என் மவ சந்தியா திருப்பூர்லேர்ந்து ஃபோன்ல திட்டறா, வண்டிக்கு மாப்பிள்ள பாக்கறியாப்பான்னு. அவதான் வித்துடு வித்துடுன்னு உசுர வாங்கறது. எனக்கும் வித்தா தேவலன்னுதான் இருக்குது. நல்லா ஓட்டற கையில குடுக்கணும், அவ்ளோதான். நீங்க ஃபேன்சி ஸ்டோரு வச்சிருக்கறவரு. மலைக்கெல்லாம் வளையல் பொட்டி ஏத்திக்கினு போறவரு. கண்ணாடி சரக்கு ஏத்தறவருக்குக் காலு பதமா இருக்கும்னு நானா ஒரு கணக்கு போட்டுக்கினேன்.

இன்னாது, லிட்டருக்கு இருவத்தாறா? அது நெசந்தான். யாரு சொன்னது, எங்க ஸ்டாண்டு சுபாஷா? அவன் நம்பவே இல்லியே. டேங்குல இன்னா மாமா ஊத்தறன்னு மூந்து பாத்தான். இன்னொருத்தன் நான் மண்ணெண்ண கலக்கறேன்னு கெளப்பி வுட்டுட்டான். ஆனா பாய், வாங்கறவருகிட்ட மறைக்கக் கூடாது, அது ஒரே ஒரு நாளு குடுத்தது. பாண்டிச்சேரிலேர்ந்து வந்த அன்னிக்கு. மத்தபடி இருவத்திமூணு. அதுக்குக் கம்மி ஆவாது. வாங்கின புதுசுல பதினெட்டு தாண்டறதுக்கே தெணறும். வண்டி அதே வண்டிதான். ஒரு சாமானும் மாத்தல. ஓட்டறவன் மாறிட்டான், அவ்ளோதான்.

பெரிய வித்தையெல்லாம் ஒண்ணுமில்ல. எதிர்ல வர்றத கிட்ட வந்து பாக்கறதில்ல, தூரத்துலயே பாத்துக்கறது. அதோ, அந்த வளைவுல மாடு நிக்குது பாருங்க. இப்பவே கால எடுத்துட்டீங்கன்னா அங்க போறதுக்குள்ள அதுவே நவுந்துடும், பிரேக்குக்கு வேலையே இருக்காது. பிரேக்க மிதிக்கறதுன்னா இன்னா, ஊத்தின டீசல நாமளே கீழ கொட்டறது. கெளம்பறப்ப முட்டை மேல கால் வக்கற மாதிரி வைக்கணும். கியர சீக்கிரம் மாத்திக்கினு போயிடணும். பைபாஸ்ல அறுவதுலேயே போனா ஆம்னி பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சி வையிவான். வைஞ்சிட்டுப் போறான். டயர்ல காத்து வாரா வாரம் பாக்கணும். ரயில்வே கேட்டு போட்டா என்ஜின அணைச்சிடணும்.

முன்னாடி நானும் அந்த சின்னசேலம் தம்பி மாதிரிதான் பாய். ஸ்டாண்டுல என் பேரு தெய்வசிகாமணி இல்ல, ராக்கெட்டு. அப்பறம் ஒரு வருசம் போல பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்கு ரெகுலரா ஒரு ட்ரிப்பு வந்துச்சி. பின்னாடி சீட்டுல நோயாளி. புத்து நோவு. மார்ல வந்து, முதுகு எலும்புல எறங்கிடுச்சி. வண்டி ஒரு தூக்கு தூக்கிப் போட்டா அங்க உசுரு போயி உசுரு வரும். சாஞ்சிக்கினு, மேல இருக்குது பாருங்க கைப்புடி, அத புடிச்சிக்கினே வரும்.

வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்ற ஆளு இல்ல அது. எனக்கு எப்பிடித் தெரியும்னா, வளையலு. கை மெலிஞ்சி போயி வளையலு மணிக்கட்டுல நிக்காது, முழங்கை வரைக்கும் ஏறும் எறங்கும். கைப்புடிய இறுக்கிப் புடிச்சா கலகலன்னு கேக்கும். கேட்டுச்சின்னா நான் தப்பா ஓட்டிட்டேன்னு அர்த்தம். நான் மீட்டரப் பாத்து ஓட்டல பாய். அந்தச் சத்தம் வராம ஓட்டினேன். மைலேஜு அதுவா வந்துச்சி.

ஆமாங்க, எங்க வூட்டுக்காரிதான். ராணி. ஒங்க கடைக்கு வந்திருக்கா. அந்த வளையலும் ஒங்க கடையில வாங்கினதுதான், பச்ச கலரு. நீங்க எத்தினி பேருக்குப் போட்டு வுட்டிருப்பீங்க, ஞாபகம் எங்க இருக்கப் போவுது.

பாத்து, பாத்து. ரெண்டாவது போடுங்க. இந்த வளைவு மட்டும் கொஞ்சம் மோசம். நல்லா திருப்பினீங்க.

இருவத்தாறு வந்த அன்னிக்கு டாக்டரு, இனிமே வூட்லயே வச்சிப் பாத்துக்குங்கன்னு அனுப்பிட்டாரு. நாங்க ரெண்டே பேருதான் வண்டியில. சந்தியாவுக்குக் கைப்புள்ள, அவளால வர முடியல. மைலேஜு மீட்டர சைபர் பண்ணிட்டு கெளம்பினேன். அது ஒரு பழக்கமா ஆயிடுச்சி. இன்னிக்கு எவ்ளோன்னு அவளே கேப்பா, நான் சொல்லுவேன். எங்களுக்குப் பேச்சு அதான். வேற இன்னாத்த பேசறது. விழுப்புரம் தாண்டி டீ குடிக்கிறியான்னேன். வேணான்னா.

உளுந்தூர்பேட்டைக்கிட்ட வந்து வளையல் சத்தம் நின்னுபோச்சி. கண்ணாடியில பாத்தேன், தலைய சாச்சிக்கினு இருக்கா, கை மடியில கெடக்குது. தூங்கறான்னு நெனச்சேன். எத்தினி நாளு தூங்காதவ. சரி, இன்னிக்குத்தான் நாம ஒழுங்கா ஓட்டறோம்னு நெனச்சிக்கினேன். எழுப்பிடக் கூடாதேன்னு இன்னும் மெதுவா வுட்டேன். தியாகதுர்கத்துல ரோட்ட வெட்டிப் போட்டிருந்தான். அதுல கூட சத்தம் வரல. எனக்கு ஒரே பெருமை.

வாசல்ல நிறுத்திட்டு மொதல்ல மீட்டரத்தான் பாத்தேன். திரும்பி, ராணி, இருவத்தாறு குடுத்திருக்குது பாருன்னு சொன்னேன்.

ம். அவ்ளோதான் பாய்.

உசுரு எங்க போச்சின்னு எனக்குத் தெரியல. அந்த ரோட்டுல எந்த எடம்னு தெரியல. இப்ப கூட அந்தப் பக்கம் சவாரி போனா பாத்துக்கினே போறேன். அழுவக் கூட வரல, இன்னும் வரல. பொம்பளைங்க மஞ்சத் தண்ணி ஊத்தி, கை நெறைய செவப்பு வளையலு புதுசாப் போட்டாங்க. பழசுங்க தானா கழண்டு வந்துடுச்சி. ஒருத்தரும் எடுக்கல, கெடந்துச்சி. நாந்தான் எடுத்தாந்து அந்தக் கைப்புடியில கட்டி வச்சிருக்கேன். கடைக்காரருக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும், அந்தச் சத்தம் இன்னான்னு.

வேணாங்க, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். டேம் தெரியுது பாருங்க. இனிமே சமதளந்தான். நல்லா ஓட்டறீங்க பாய். வண்டி ஒங்களுதுதான், வெல நீங்க சொல்றதுதான். கச்சிராபாளையத்துல டீ குடிச்சிட்டுப் பேசிக்கலாம்.

சத்தம் நின்னுபோச்சி, கேட்டீங்களா? இந்தப் பள்ளத்துல கூட வரல.

பாய், கொஞ்சம் ஓரங்கட்டுங்க. ஒரு நிமிசம். பின்னாடி போயி பாத்துட்டு வந்துடறேன்.