மூடியைத் திறக்காத பாட்டில்

— தட்டுல தயிர் விட்டுண்டிருந்தேன் லிசி. போன் வந்தது. "சாயந்திரத்துக்குள்ள வந்துடறேன்"னு எழுந்து போனார். அவ்வளவுதான்.

— யார் போன்னு ஸ்ரீநாத் அண்ணா சொன்னாங்களா அனுக்கா?

— அதை விடு. ஏன் இப்படி குறுக்கும் நெடுக்கும் நடக்கறே? உட்காரேன்.

— உட்கார முடியலக்கா. மத்தியானத்துக்குள்ள லேப்ல அண்ணாவோட மேசைய காலி பண்ணணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நோட்டு, மூக்குக்கண்ணாடி, டிபன் டப்பா எல்லாம் இந்தப் பையில இருக்கு. வாங்க, ஸ்ரீரங்கம் பஸ் ஏத்தி விடுறேன்.

— அந்த மஞ்சள் பாட்டில்? அவர் கையெழுத்துன்னா அதுல இருக்கு.

— கெமிக்கல்க்கா. உங்களுக்கு எதுக்கு?

— பதினொரு வருஷம் கெமிக்கலோடதான் குடித்தனம் பண்ணினேன். என்னது அது, சொல்லு.

— டைட்டானியம் கரைசல். சின்னத் தகட்டுல ஒரு சொட்டு விட்டுச் சுத்தினா மெல்லிசாப் படியும், சுட்டா பீங்கான் மாதிரி ஆயிடும். எனக்கு சத்தியமா ஒண்ணுகூட கீறல் விட்டு வெடிக்காம வந்ததில்ல. "சூளையத் திட்டாத, வெடிக்கிறது பாட்டில்லயே முடிவாயிடுது"ம்பாங்க அண்ணா.

— அடுத்த வாரம் தீசிஸ் குடுக்கணும்னியே. அவர் போனதுலேர்ந்து ஆறு மாசமா இதை ஏன் தொடலை?

— அந்தப் போன் நான்தான் பண்ணேன்க்கா.

— ம்.

— டைட்டானியத்துக்குத் தண்ணியப் பார்த்தாப் பொறுக்காது. காவேரி ஈரக்காத்தே போதும். அசிட்டைல் அசிட்டோன்னு ஒரு திரவத்த விட்டு மொதல்ல அதக் கட்டிப் போடணும், அப்புறம்தான் தண்ணி. நான் அவசரத்துல தண்ணிய முந்தி விட்டுட்டேன். பால் மாதிரி திரிஞ்சு போச்சு. அண்ணா வந்து புதுசா இதச் செஞ்சு குடுத்தாங்க. திரும்பிப் போறப்பதான் பாலத்துல அந்த லாரி... நான் கூப்பிடலன்னா...

— தெரியும்.

— அக்கா?

— கை அலம்பிண்டே சொன்னார். "லிசி தண்ணியை முந்தி விட்டுட்டாளாம். முதல் வருஷம் நானும் அதேதான் பண்ணினேன்"னு ஒரே சிரிப்பு.

— தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை நாள் எங்கூடப் பேசினீங்க?

— நீயா சொல்லணும்னு இருந்தேன். கோபம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். அதுக்காக அவர் பண்ணிவெச்சதைக் கொட்டிடுவியா? எடு.

— எடுத்துட்டேன்க்கா. இந்நேரம் கட்டியாயிருக்கும்.

— சாய்ச்சுப் பாரு.

— ...இல்லக்கா. அன்னைக்கு மாதிரியே ஓடுது.